இருட்டில் கை போகிற இடம்

மலேசியாவின் பேராக்கில், லெங்கோங் பக்கம் லாத்தா கெக்காபு அருவியில் ஒரு சனிக்கிழமை இரவு. தூறல் என்று நினைத்தது ஐந்து நிமிடத்தில் கொட்ட ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள் இரண்டு பேரும் வண்டியை ஒட்டி நிற்கிறார்கள், மனைவி அடுப்பின் மேல் தட்டைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், தலைக்கு மேல் கட்ட வேண்டிய ஃப்ளைஷீட் எங்கள் பிக்கப் வண்டியான ஹைலக்ஸின் பின்தொட்டியில் வலதுபக்க இழுப்பறைக்குள் இருக்கிறது. இழுத்தேன், வரவில்லை. காலை ஊன்றி இழுத்தேன், கைப்பிடிதான் ஆணியோடு கையில் வந்தது. பிளைவுட் ஈரத்தில் ஊதி, இழுப்பறை தன் பெட்டிக்குள்ளேயே இறுகிப் போயிருந்தது. அன்றைக்கு ராத்திரி நாலு பேரும் முன்சீட்டிலும் பின்சீட்டிலும் உட்கார்ந்தபடியே தூங்கினோம், சின்னவள் பசியோடு தூங்கினாள். அது எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது.

அந்த இழுப்பறையை நான் மூன்று வாரக் கடைசிகள் செலவழித்துச் செய்தேன். 18 மில்லிமீட்டர் பிளைவுட், நல்ல கனம், தட்டினால் வீட்டுக் கதவு மாதிரி சத்தம் வரும். கனமாக இருந்தால் உறுதி என்று நம்பியிருந்தேன். தப்பு அங்கேதான்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டேன், முதலில் இருந்து யோசித்தேன். சுங்கை சிப்புட்டில் என் வேலை, சின்னத் தோட்டக்காரர்களின் செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப்பனைக்கு, புல்வெட்டு, மருந்தடிப்பு, உரம் போடுவது. திங்கள் முதல் வெள்ளி வரை இந்தப் பின்தொட்டி முழுக்க வேலைச் சாமான். சனி ஞாயிறு மட்டும்தான் காடு, அருவி, மீன். இன்டர்நெட்டில் காட்டுகிற பிக்கப் எல்லாம் வருடம் முழுக்க முகாம் வண்டியாகவே நிற்கும், நிரந்தரமாகப் படுக்கை, நிரந்தரமாகச் சமையலறை. நம்மில் பாதிப் பேருக்கு பிக்கப் என்பது சோறு போடுகிற வண்டி. அதனால் எனக்கு முதல் விதி, பின்தொட்டியில் உள்ளது எல்லாம் பத்து நிமிடத்தில் இரண்டு பேர் தூக்கி இறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டாவது விதி அப்பாவிடம் இருந்து வந்தது.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. லயத்து வீட்டின் பின்வாசலில் அவருடைய சாமான் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆணி உண்டு. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள்கணக்குக்கு, கிளம்பும்போது விளக்குப் போடமாட்டார், நாங்கள் எழுந்துவிடுவோம் என்று. இருட்டில் கை நீளும், உளிக்கத்தி வரும், தலைவிளக்கு வரும், கொசுவர்த்தி வைக்கிற டப்பா வரும், அதை இடுப்பில் மாட்டிக்கொள்வார். கடைசியில் வாளி. எடுக்கிற வரிசையும் மாறாது, ஆணியும் மாறாது. ஒருமுறை நான் விளையாட்டாகக் கத்தியை வேறு ஆணியில் மாட்டிவிட்டேன், அன்றைக்கு அவர் விரலில் ரத்தம். என்னை அடிக்கவில்லை. சாயங்காலம் வந்து, "ஐயா, இருட்டுல கை போற இடத்துல சாமான் இருக்கணும்யா" என்று மட்டும் சொன்னார்.

சரி, இப்போது வண்டிக்கு வருகிறேன். என்னுடையது ஹைலக்ஸில் பழைய வீகோ ரகம், நாலு கதவு. பின்தொட்டி நீளம் ஏறக்குறைய 5 அடி, அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், ஆனால் இரண்டு டயர் மேட்டுக்கும் நடுவில் மூன்றரை அடிக்குக் கொஞ்சம் மேலேதான் கிடைக்கும். எல்லாக் கணக்கும் இந்த மூன்றரை அடியில்தான் அடங்குகிறது. பலகை வாங்கும் முன் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிகளை வெட்டி, ஒட்டி, முழுப் பெட்டியையும் அட்டையிலேயே செய்து உள்ளே வைத்துப் பார்த்தேன். பின்கதவை மூடிப் பார்த்தேன், உரமூட்டை வைத்துப் பார்த்தேன். முதல் தடவை இதைச் செய்திருந்தால் மூன்று பலகை மிச்சமாகியிருக்கும்.

பிறகு எடை. 8க்கு 4 அடி பிளைவுட், 18 மில்லி என்றால் ஒரு பலகையே 30 கிலோவுக்கு மேல் போகும், 12 மில்லி 20 கிலோ சொச்சம், 9 மில்லி 15 பக்கத்தில். என் பழைய அமைப்பு சாமான் வைக்கும் முன்பே நூறு கிலோவைத் தாண்டியிருந்தது. இந்த வண்டிகளை ஒரு டன் வண்டி என்று சொல்வது பழக்கம், ஆனால் அந்தக் கணக்கில் உள்ளே உட்காரும் ஆட்களும் சேர்த்தி, பின்தொட்டியை மூடுகிற கூண்டான கேனொபியும் சேர்த்தி, தண்ணீரும் சேர்த்தி. 20 லிட்டர் தண்ணீர் என்றால் 20 கிலோ, அதில் பேரமே இல்லை. அதைவிட முக்கியம் எடை எங்கே உட்காருகிறது என்பது. பின் அச்சுக்குப் பின்னால், பின்கதவை ஒட்டிக் கனத்தை வைத்தால் முன்பக்கம் லேசாகும், ஸ்டீரிங் பிடிப்பு விட்டாற்போல இருக்கும். சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறும்போது வளைவுகளில் இதை நன்றாக உணர்ந்தேன், பயமாகவே இருந்தது. இப்போது தண்ணீர்த் தோம்பு, பேட்டரி இரண்டும் முன்சுவரை ஒட்டி, தரையோடு தரையாக. லேசான சாமான் மட்டும் பின்கதவுப் பக்கம்.

புதுப் பெட்டிக்கு மேல்பலகை 12 மில்லி, பக்கங்கள் 9 மில்லி, மூலைக்கு மூலை அலுமினிய எல்-பட்டை. மரைன் பிளைவுட்தான், காசு கூட, ஆனால் ஒட்டுப்பசை தண்ணீருக்கு விடாது. அதோடு விட்டுவிடாதீர்கள். பிளைவுட் ஈரம் குடிப்பது முகப்பில் இல்லை, வெட்டிய ஓரத்தில். ஒவ்வொரு ஓரத்துக்கும், ஒவ்வொரு ஆணித் துளைக்கும், இரண்டு கை எபாக்சி பூசிக் காயவிட்டுத்தான் சேர்த்தேன். ரப்பர் மரப்பலகை நம் ஊரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்டார் ஒரு அண்ணன். அப்பா வெட்டிய மரம் என்பதால் எனக்கும் ஆசைதான். வீட்டுக்குள் மேசை நாற்காலிக்கு அது அருமையான மரம், ஆனால் பூஞ்சைக்கும் துளைக்கிற வண்டுக்கும் அதைப்போல் சீக்கிரம் இடம் கொடுக்கிற மரம் குறைவு, வெட்டின கையோடு மருந்து ஏற்றாவிட்டால் நீலம் பாய்ந்துவிடும். மழையில் நனைகிற பின்தொட்டிக்கு வேண்டாம் என்று விட்டேன்.

இழுப்பறை ஓடுவதற்கு எஃகு ரெயில் போடவில்லை. நல்ல கனமான ரெயில் விலையும் அதிகம், செம்மண் தூசி உள்ளே போனால் குண்டுகள் அரைபட்டுப்போகும். அதற்குப் பதில் சமையலறையில் காய் வெட்டுகிற வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை இரண்டு வாங்கி, இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை பட்டையாக அறுத்து, பெட்டியின் தரையில் திருகினேன். இழுப்பறை அதன்மேல் வழுக்கி வருகிறது. துருப்பிடிக்காது, எண்ணெய் வேண்டாம், தேய்ந்தால் திரும்ப அறுத்துப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் 5 மில்லி இடைவெளி விட்டேன், மேலே 8 மில்லி. பார்க்கிறவர்கள் ஆடுகிறதே என்பார்கள். ஆடட்டும், நம் ஊர் ஈரத்தில் ஊதுவதற்கு மரத்துக்கு இடம் வேண்டும்.

பெட்டி ஒரே பெட்டி இல்லை, இரண்டு. ஒவ்வொன்றும் மூன்றரை அடியில் பாதி அகலம், நடுவில் இரண்டையும் இணைக்க இரண்டு போல்ட். பின்தொட்டியில் கம்பெனியே கொடுத்த கொக்கிகளில் ராச்செட் பெல்ட் போட்டு நாலு மூலையிலும் இழுத்துக் கட்டுகிறேன், வண்டியில் புதிதாக ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. ஓட்டை போட்ட இடத்தில்தான் துரு முதலில் வரும். ஆனால் கட்டாமல் மட்டும் ஓட்டாதீர்கள். அவசரமாக பிரேக் போட்டால் கட்டாத பெட்டி முழு வேகத்தில் முன்னால் வரும், பின்சீட்டில் பிள்ளைகளுக்கும் அதற்கும் நடுவே இருப்பது ஒரு தகடும் கண்ணாடியும்தான்.

துருவைப் பற்றிச் சொல்லும்போது உரத்தையும் சொல்ல வேண்டும். உரமூட்டையில் இருந்து கசிகிற தூள் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பைத் தின்றுவிடும், பொட்டாஷ் உப்பு அதில் மோசம். வண்டியோடு வந்த பிளாஸ்டிக் லைனரைத் தூக்கிப் பார்த்தேன், அடியில் மண்ணும் உரத்தூளும் தண்ணீரும் சேர்ந்து சேறாகக் கிடந்தது, அதற்கடியில் பெயிண்ட் உரிந்து புண் மாதிரி. தேய்த்து, பிரைமர் அடித்து, ஸ்பிரே லைனர் போட்டேன், அதற்கு மேல் தூக்கிக் கழுவுகிற மாதிரி ஒரு ரப்பர் பாய். பெட்டிகளின் அடியிலும் அதே வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டையைப் போட்டு ஒரு விரல் உயரம் தூக்கி வைத்திருக்கிறேன், மூலையில் உள்ள வடிகால் துளைகள் அடைபடாது.

இதைவிடப் பெரிய விஷயம் மருந்து. அம்மா பதினெட்டு வருடம் தோட்டத்தில் மருந்தடித்தார். கையுறை என்று ஒன்று இருப்பதே பாதி வருடங்களுக்குத் தெரியாது. அவர் விரல் நகங்கள் வெள்ளைப் பட்டையாகிப் பிளந்து, சில நகங்கள் கழன்றே விழுந்தன, சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பாராக்குவாட் என்கிற அந்தப் புல்மருந்து நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை. தடை வந்த அன்று அம்மாவுக்குச் செய்தியைப் படித்துக் காட்டினேன், "இப்பவாவது" என்றார். இன்றைக்கு நான் அடிக்கிற மருந்து வேறு, ஆனாலும் விஷம் விஷம்தான். வாரநாளில் மருந்துத் தோம்பு இருந்த தரையில் சனிக்கிழமை அரிசி மூட்டையை வைக்கக்கூடாது. அதனால் மருந்து, பம்பு, முகமூடி எல்லாவற்றுக்கும் மூடியுள்ள தனிச் சிவப்புத் தொட்டி, அது வெள்ளி சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கி ஸ்டோருக்குப் போய்விடும். ரப்பர் பாயைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் போட்ட பிறகுதான் முகாம் பெட்டிகள் ஏறும். வேலைக்கும் முகாமுக்கும் ஒரே பெட்டியைப் பயன்படுத்தவே மாட்டேன், எவ்வளவு கழுவினாலும்.

இனி அப்பாவின் ஆணிகள். மழையில், இருட்டில், முதலில் என்ன வேண்டும்? தலைவிளக்கு, ஃப்ளைஷீட், கயிறு, முளை. இந்த நாலும் இழுப்பறையிலேயே இல்லை, பின்கதவைத் திறந்ததும் இடதுபக்கச் சுவரில் கேன்வாஸ் பையில் தொங்குகிறது, எதையும் இழுக்காமல் எடுக்கலாம். ஃப்ளைஷீட் மடிப்பது கூட யோசித்துத்தான், நடுக்கயிறு முதலில் கையில் வருகிற மாதிரி மடிக்கிறேன், இரண்டு மரத்துக்கு நடுவில் அந்தக் கயிறு கட்டியாகிவிட்டால் மூலைகளைப் பிறகு மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். அடுத்து இடது இழுப்பறை, சமையல். அதில் முன்வரிசையில் அடுப்பு, லைட்டர், கெட்டில், டீத்தூள், ஏனென்றால் நனைந்து வந்தவர்களுக்கு முதலில் வேண்டியது சூடாக ஏதாவது. அரிசி, சார்டின் டின், நெத்திலி, மசாலா எல்லாம் பின்வரிசையில், மூடி இறுகுகிற டப்பாக்களில். குரங்குகள் ஜிப்பைத் திறக்கும், நானே பார்த்திருக்கிறேன். வலது இழுப்பறையில் படுக்கை, கொசுவலை, மாற்றுத்துணி. அவசரத்துக்கு உதவாத சாமான் எதுவோ அது ஆழத்தில். முதலுதவிப் பெட்டி மட்டும் வண்டிக்குள், முன்சீட்டுக்கு அடியில்.

தூங்குவது. மேல்பலகைமேல் 5 சென்டிமீட்டர் நுரைமெத்தை. 5 அடி நீளத்தில் என் உயரத்துக்குக் கால் நீட்ட முடியாது, பின்கதவைக் கீழே இறக்கிவிட்டால் இன்னும் ஒன்றரை அடி கிடைக்கிறது. கேனொபியின் பின்கண்ணாடியைத் தூக்கிவிட்டு, அதன்மேல் ஒரு துண்டு கன்வாஸை முன்னால் நீட்டிக் கட்டி, உள்ளே கொசுவலையை நாலு காந்தத்தால் தகட்டில் ஒட்டிவிடுகிறோம், மனைவி தைத்தது. நான் ஒருவனும் சின்னவளும் வண்டியில், மனைவியும் பெரியவனும் கூடாரத்தில், அடுத்த நாள் மாற்றிக்கொள்வோம். கேனொபி கூரைமேல் விரிக்கிற கூடாரத்தைப் பலர் பரிந்துரைக்கிறார்கள், எனக்குச் சரிப்படவில்லை. அதுவே 50, 60 கிலோ, வண்டியின் தலைக்கு மேல் உட்காருகிறது, செம்பனைக் கிளை தாழ்ந்த தோட்டப்பாதையில் அதோடு நுழையவும் முடியாது. காற்றுதான் இங்கே பிரச்சினை, குளிர் இல்லை. இரண்டு பக்கச் சன்னலும் திறக்கிற கேனொபியை மட்டும் வாங்குங்கள், ஒரு சின்ன யூஎஸ்பி ஃபேன் போதும். கேனொபி போடுவதற்கு முன் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கேனொபிக்குள் அடுப்பு மூட்டவே கூடாது, மழை எவ்வளவு பெய்தாலும். கண்ணுக்குத் தெரியாத, வாசனையும் இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். கேஸ் டின்களையும் வெயிலில் பூட்டிய கேனொபிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மின்சாரத்துக்கு லித்தியம் பேட்டரி ஒன்று, 12 வோல்ட் (சரியாகச் சொன்னால் 12.8), 100 ஆம்பியர்-மணி. கணக்குப் போட்டால் சுமார் 1280 வாட்-மணி. என் 40 லிட்டர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 45 வாட் இழுக்கும், நம் வெயிலில் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் ஒரு நாளைக்கு 540. ஆக இரண்டு நாள் தாங்கும், ஒரு வாரக் கடைசிக்கு அது போதும், சோலார் தகடு நான் வாங்கவில்லை. வண்டி ஓடும்போது சார்ஜ் ஆவதற்கு, மின்சாரத்தை அளவாக விடுகிற டிசி-டிசி சார்ஜர் போட்டுக்கொள்ளுங்கள், நேரடியாக இணைத்தால் லித்தியம் கட்டுக்கடங்காமல் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிவிடும். ஃபியூஸ் பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அந்தப் பக்கத்துக் கோடியில் போட்டால் நடுவில் வயர் உரசினால் எரிவது வயர்தான். இன்னொன்று, மெல்லிய வயர். பேட்டரி நிறைந்திருக்கிறது, ஆனாலும் ஃபிரிட்ஜ் நின்று நின்று ஓடுகிறது என்று ஒரு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். நாலு மீட்டர் மெல்லிய வயரில் வோல்ட் இறங்கி, ஃபிரிட்ஜ் பேட்டரி காலி என்று நினைத்து அணைந்துகொண்டிருந்தது. ஊரில் வண்டி பழுதுபார்க்கிற போர்மேன் ஒருவர் மீட்டரை இரண்டு முனையிலும் வைத்துக் காட்டினார், "தம்பி, பேட்டரி நல்லாத்தான் இருக்கு, வயருதான் பட்டினி போடுது" என்றார். தடித்த வயர் போட்டதும் சரியாகிவிட்டது.

தூசிக்கு ஒரு வார்த்தை. வண்டி ஓடும்போது பின்பக்கம் காற்று வெற்றிடம் மாதிரி ஆகி, தூசியைப் பின்கதவு இடுக்கு வழியாக உள்ளே உறிஞ்சும். செம்மண் பாதையில் ஒரு மணி நேரம் போனால் தட்டு முழுக்கச் சிவப்பு. பின்கதவைச் சுற்றிலும் கார் கதவு ரப்பர் ஒட்டினேன், அதோடு கேனொபியின் முன்பக்கக் காற்றுவாயை ஓடும்போது கொஞ்சம் திறந்து வைக்கிறேன், உள்ளே காற்று நிறைந்திருந்தால் தூசிக்கு இடம் கிடைக்காது. முழுக்க நிற்கவில்லை, முக்கால்வாசி நின்றது.

வண்டியை எங்கே நிறுத்துவது என்பதும் அமைப்பில் ஒரு பகுதிதான். ஆற்றங்கரை மணல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே வேண்டாம். நமக்கு வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை பெய்து கெபாலா ஆயர், அதாவது திடீர் ஆற்றுவெள்ளம், வரும். தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால், சாமானை விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறுங்கள். நான் எப்போதும் மேட்டில், வெளியே போகிற பாதையைப் பார்த்தபடி வண்டியின் முகத்தைத் திருப்பி நிறுத்துவேன், பின்தொட்டி ஆற்றைப் பார்த்தபடி. தெமெங்கோர் ஏரிக்குத் தோமான் மீன் பிடிக்கப் போகும்போது கிரிக் - ஜெலி நெடுஞ்சாலையை இருட்டுவதற்கு முன்னால் முடித்துவிடுவேன், யானைகள் சாலைக்கு வருகிற இடம் அது, முகாமைப் பகலிலேயே போட்டுவிட்டால் சாமானும் நிதானமாக இறங்கும்.

எல்லாம் சேர்த்து எனக்கு 1,400 வெள்ளி (ரிங்கிட்) ஆனது, பேட்டரியும் ஃபிரிட்ஜும் கேனொபியும் தவிர்த்து. அதில் பாதி மரைன் பிளைவுட்டுக்கும் எபாக்சிக்கும் போனது. ஞாயிறு இரவு நானும் பெரியவனும் பெட்டிகளை இறக்குகிறோம், போன வாரம் எட்டு நிமிடம். திங்கள் காலை உரமூட்டை ஏறிவிடுகிறது.

இன்னும் தண்ணீர்த் தோம்புக்கு ஒரு குழாய் வைக்கவில்லை, சாய்த்து ஊற்றிக்கொண்டிருக்கிறோம். கேனொபியின் வலதுபக்கச் சன்னல் ஓரத்தில் ஒரு சொட்டு கசிகிறது, சிலிக்கான் இரண்டு தடவை வைத்தும் நிற்கவில்லை, பழைய ரப்பரையே முழுக்க மாற்ற வேண்டும் போலிருக்கிறது. அப்புறம், அட்டையில் வெட்டிய மாதிரியை நான் தூக்கிப் போடவில்லை, வீட்டுப் பின்னால் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருக்கிறேன், அளவுகள் அதிலேயே எழுதியிருக்கிறது. வீகோ நாலு கதவு வைத்திருக்கிறவர்கள் சுங்கை சிப்புட் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொண்டு போய் வெட்டிவிட்டுத் திருப்பித் தாருங்கள். டயர் மேட்டுக்கு மேல் வலதுபக்கம் மட்டும் ஒரு விரல் கூடுதலாக விட்டு வெட்டுங்கள், அந்த இடத்தில் என் அட்டை நனைந்து கொஞ்சம் சுருங்கியிருக்கிறது.